மிளகு ஏணியிலிருந்து விழுந்தவருக்கும் வழியில் விழுந்தவருக்கும்: தொழிலாளர் இழப்பீட்டில் தீர்ப்புகள் எங்கே நிற்கின்றன

கேட்டவர் சொன்னதை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். அவருடைய மாமா, வயது 45. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டுக்கு மேஸ்திரி (ஆள் கூட்டி வரும் ஒப்பந்தக்காரர்) மூலமாகத் தினக்கூலிக்குப் போகிறவர். நாள் கூலி 500 ரூபாய். 2025 பிப்ரவரியில், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது ஏணி சறுக்கி விழுந்து இடுப்பும் வலது காலும் முறிந்தன. சேலத்தில் ஆபரேஷன் நடந்தது. இன்றும் கம்பு ஊன்றாமல் நடக்க முடியாது. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிய எஸ்டேட்காரர்கள், மேலே 40,000 ரூபாய் கொடுத்து, 'எனக்கு வர வேண்டியது முழுக்க வந்துவிட்டது' என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது கேட்டால், 'நீ எங்கள் ஆள் இல்லை, மேஸ்திரி ஆள். அதோடு குடித்துவிட்டுத்தானே ஏறினாய்' என்கிறார்கள். கூடவே அதே ஊர்ப் பெண் ஒருவரின் கதையும் இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகும்போது ஸ்கூட்டர் சறுக்கிக் கை உடைந்தது. 'ரோட்டில் விழுந்ததற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்' என்று கை விரித்துவிட்டார்கள். சமீபத்திய தீர்ப்புகள் எதுவும் இவர்களுக்கு உதவுமா என்பது கேள்வி.

உதவும். ஆனால் தீர்ப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரி வழக்குகளில் சட்டம் ஏறக்குறைய எப்போதும் தொழிலாளி பக்கம்தான் சாய்கிறது. தோற்கிறவர்களில் பலரும் சட்டத்தால் தோற்பதில்லை. அன்றைக்கு அந்த எஸ்டேட்டில் வேலை பார்த்தேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் தோற்கிறார்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எந்தச் சட்டம் என்பதில் இப்போது நிறைய குழப்பம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தை அதன் ஏழாம் அத்தியாயம் எடுத்துக்கொண்டது. அதைக் கேள்விப்பட்டு, 'பழைய சட்டமே போய்விட்டது, இனி உன் கேஸ் செல்லாது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விபத்து நடந்த தேதியில் எந்தச் சட்டம் இருந்ததோ அதுதான் பொருந்தும் என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன விதி. 1999-இல் கேரள மின்வாரிய வழக்கில் சொன்னது. 2020 பிப்ரவரியில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் மறுபடி சொன்னது. அந்த வழக்கில் விதி தொழிலாளி குடும்பத்துக்குப் பாதகமாக விழுந்தது. விபத்து 2008-இல் நடந்ததால், 2010-இல் நீக்கப்பட்ட 4,000 ரூபாய் சம்பள உச்சவரம்பு அவர்களுக்குப் பொருந்தும் என்றாகிவிட்டது. உங்கள் மாமா விஷயத்தில் அதே விதி பாதுகாப்பாக நிற்கிறது. அவர் விழுந்தது 2025 பிப்ரவரி. ஆகவே 1923 சட்டம்தான்.

இப்போது அந்தப் பெண்ணின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். சமீபத்தில் வந்த பெரிய தீர்ப்பு அவருக்குத்தான்.

'வேலையிலிருந்து எழுந்த, வேலையின் போக்கில் நடந்த விபத்து' என்பது சட்டத்தின் மூன்றாம் பிரிவு கேட்கும் தகுதி. வேலை எங்கே தொடங்குகிறது? கேட்டுக்குள் கால் வைத்த பிறகா, வீட்டு வாசலைத் தாண்டியதுமா? இதற்கு நீதிமன்றங்கள் பல்லாண்டுகளாக வெவ்வேறு பதில்களைச் சொல்லிவந்தன. 1958-இல் தீர்ப்பான வழக்கில், சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து உப்பங்கழியைக் கடக்கும்போது படகு கவிழ்ந்து இறந்தார்கள். அது எல்லாரும் போகிற பொதுப் படகு என்று சொல்லி இழப்பீடு மறுக்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து, பணி முடிந்து பம்பாய் மாநகரப் போக்குவரத்து நிறுவனத்தின் பஸ்ஸிலேயே வீட்டுக்குத் திரும்பிய டிரைவர் இறந்த வழக்கில், அது பணியின் நீட்சிதான் என்று ஒத்துக்கொண்டார்கள். 1996-இல் மறுபடி கதவு சாத்தப்பட்டது. சைக்கிளில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில், வேலை தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது லாரி மோதிக் காயமடைந்தார். அது வேலைக் காயம் ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் இத்தனை காலமும் முதலாளிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் வழியில் நடந்த விபத்துகளைத் தட்டிக்கழித்து வந்தார்கள்.

நாடாளுமன்றம் 2010-இல் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) சட்டத்தில் 51-இ என்ற பிரிவைச் சேர்த்தது. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலைக் காயமே. நேரம், இடம், சூழ்நிலை மூன்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டினால் போதும் என்றது அது. ஆனால் அது இ.எஸ்.ஐ. இருக்கிறவர்களுக்கு மட்டும். எஸ்டேட் கூலிக்கும், லாரி கிளீனருக்கும், கரும்பு வெட்டுகிறவருக்கும் பொருந்தும் 1923 சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஒரே சாலையில் ஒரே விபத்தில் இரண்டு பேர் விழுந்தால், இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவருக்குப் பணம், மற்றவருக்கு வெறுங்கை என்பதுதான் அப்போதைய நிலை.

அந்த வேறுபாட்டை 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ரா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு. வழக்கு மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் வாட்ச்மேன் பற்றியது. அதிகாலை 3 மணிக்கு டியூட்டி. 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் போனவர், ஆலைக்கு இன்னும் 5 கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்துபோனார். இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையர் 3,26,140 ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார். பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விபத்து நடந்து 22 வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் ஆணையரின் உத்தரவை மீட்டுக் கொடுத்தது. இரண்டு சட்டங்களும் ஒரே நோக்கத்துக்காக இயற்றப்பட்டவை. ஒன்றில் இருக்கும் சொற்களுக்கு நாடாளுமன்றம் விளக்கம் கொடுத்திருக்கும்போது, மற்றதில் உள்ள அதே சொற்களுக்கு வேறு பொருள் கொள்ள முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். 51-இ புதிதாக உரிமை தருகிற பிரிவு அல்ல, ஏற்கெனவே இருந்த சந்தேகத்தைத் தெளிவாக்கும் பிரிவு. ஆகவே பின்னோக்கியும் பொருந்தும் என்றும் சொன்னார்கள். தீர்ப்புக்கு முன்பு நடந்த விபத்துகளுக்கும் அதன் பலன் போவதற்கு இதுதான் வழி. புதிய தொகுப்பிலோ இந்த விதி சட்ட வாசகமாகவே எழுதப்பட்டிருக்கிறது. எனவே அந்தப் பெண் விழுந்தது எந்தத் தேதியாக இருந்தாலும், 'ரோட்டில் நடந்தது' என்ற ஒரே காரணத்துக்காக இனி யாரும் அவரை விரட்ட முடியாது.

ஆனால் 'தொடர்பு' என்ற நிபந்தனையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு மணிக்குப் பேர் போடுகிற எஸ்டேட்டுக்கு ஏழரை மணிக்கு, தினமும் போகிற வழியில், போய்க்கொண்டிருந்தார் என்றால் வழக்கு பலமானது. வேலை முடிந்து, சேலத்துக்கு இறங்கிக் கடைவீதியில் சாமான் வாங்கிவிட்டு, இருட்டிய பிறகு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது விழுந்தார் என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம். போலீசில் கொடுத்த புகாரிலும், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டிலும் 'வேலைக்குப் போகும்போது' என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நம் ஆட்கள் டாக்டர் கேட்டால் 'வண்டியில் இருந்து விழுந்துட்டேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். எங்கே போகும்போது என்பது அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை.

வேலையின் போக்கு என்பதை நீதிமன்றங்கள் எவ்வளவு தூரம் நீட்டுகின்றன, எங்கே நிறுத்துகின்றன என்பதற்கு இன்னும் சில வழக்குகளைச் சொல்கிறேன். சங்ககிரி, ஓமலூர் பக்கத்து லாரிக் குடும்பங்களுக்கு இவை முக்கியம். 2020 மார்ச்சில் தீர்ப்பான வழக்கில், ஜூன் மாத வெயிலில் லாரி ஓட்டிப் போன 21 வயது டிரைவர், இன்ஜின் சூட்டுக்குத் தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் கால்வாயில் இறங்கியபோது வழுக்கி விழுந்து இறந்தார். குளித்தது அவர் சொந்த விஷயம் என்றது இன்சூரன்ஸ் கம்பெனி. அந்த வெயிலில் வண்டியையும் தன்னையும் குளிர்வித்துக்கொண்டால்தான் ஓட்ட முடியும், அதுவும் வேலையோடு சேர்ந்ததுதான் என்றது உச்ச நீதிமன்றம். 2019-இல் ஒரு பஸ் டிரைவர் வழக்கு. பஸ்ஸை விட்டு நகரக்கூடாது என்ற நிலையில் பஸ்ஸின் மேலேயே சாப்பிட்டுவிட்டு இறங்கும்போது விழுந்து இறந்தார். அதற்கும் இழப்பீடு உண்டு என்று தீர்ப்பானது. ஆனால் 2009-இல், பயணிகளைக் கோயிலுக்கு அழைத்துப் போன டிரைவர் ஒருவர் கோயில் குளத்தில் தவறி விழுந்து இறந்த வழக்கில் இழப்பீடு கிடைக்கவில்லை. கால்வாய்க்கும் குளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், தண்ணீருக்குப் போனதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் இருக்கும் சம்பந்தம்தான். என் கருத்தில் 2009 தீர்ப்பு கொஞ்சம் கஞ்சத்தனமானது. இன்றைக்கு அதே வழக்கு போனால் முடிவு வேறாக இருக்கலாம்.

மாரடைப்பு வழக்குகளும் இதே மாதிரிதான் போகின்றன. 2006-இல், வேலை நேரத்தில் இறந்தார் என்பது மட்டும் போதாது, வேலையின் பளு காரணம் என்று காட்ட வேண்டும் என்றார்கள். 2012 டிசம்பரில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி ஓட்டிப்போன டிரைவருக்கு வழியில் உடம்புக்கு முடியாமல் போய் இறந்தபோது, அந்த ஓட்டமே காரணத்துக்குப் போதுமான ஆதாரம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, உங்கள் மாமாவுக்கு வருவோம். மரத்தில் ஏணி வைத்து மிளகு பறிக்கும்போது விழுந்தது வேலையின் போக்கில் நடந்ததுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. எதிர்த்தரப்பின் வாதங்கள் மூன்று.

மேஸ்திரி ஆள் என்பது முதல் வாதம். சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. தன் தொழிலைச் சேர்ந்த வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தால், அந்த ஆட்களுக்குத் தானே நேராக வேலை கொடுத்த மாதிரி முதன்மை முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூல் செய்துகொள்வது அவர்கள் பாடு. எஸ்டேட்டில் மிளகு பறிப்பது எஸ்டேட்டின் தொழில் இல்லாமல் வேறு யாருடையது? பெர்மனென்ட் இல்லை, தினக்கூலி என்பதும் தடையில்லை. தற்காலிக வேலையாட்களை ஒதுக்கி வைத்திருந்த சொற்களை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, காபி, தேயிலை, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மனுவில் மேஸ்திரியையும் எஸ்டேட் உரிமையாளரையும் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். மேஸ்திரி சொந்தக்காரர், மனஸ்தாபம் வரும் என்று அவரை விட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் அவர் வாயிலிருந்துதான் 'ஆமாம், அன்றைக்கு அவர் அங்கே வேலை செய்தார்' என்ற சாட்சியம் வர வேண்டியிருக்கும்.

இரண்டாவது, குடி. இது மலைப்பக்கம் எல்லா எஸ்டேட்காரர்களும் எடுக்கிற முதல் ஆயுதம். மதுவின் நேரடி விளைவாக விபத்து நடந்திருந்தால் முதலாளிக்குப் பொறுப்பு இல்லை என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வாதம் செல்லாது. பகுதி ஊனத்திலும், நிரூபிக்க வேண்டியது முதலாளி. அன்றைய விபத்துப் பதிவேட்டில் மது வாடை பற்றி டாக்டர் எதுவும் எழுதவில்லை என்றால் வாதம் அங்கேயே படுத்துவிடும். 'கயிறு கட்டாமல் ஏறினான், அவன் கவனக்குறைவு' என்று சொன்னால், கயிறு கொடுத்தீர்களா என்பதுதான் பதில் கேள்வி. சாதாரணக் கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் தடையே அல்ல. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. யார் தவறு என்று பார்க்காமல் கொடுப்பதற்காகத்தானே இந்தச் சட்டமே வந்தது.

மூன்றாவது, கையெழுத்து. கேட்டவர் மிகவும் பயந்தது இதற்குத்தான். எனக்கோ மூன்றிலும் இதுதான் சோளக்கொல்லை பொம்மையாகத் தெரிகிறது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 17-ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. சமரசத்தில் ஒரு தொகை முடிவானால், அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவு செய்யாமல் விட்டால் முழுத்தொகைக்கும் முதலாளி பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளக்கூட, ஆணையர் வேறு மாதிரி உத்தரவிட்டால் ஒழிய, அவருக்கு உரிமை கிடையாது. ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பணமும் இழப்பீட்டில் சேராது. சிகிச்சைக்குக் கொடுத்ததை இழப்பீடாகக் கணக்கில் வைக்கக்கூடாது என்று நாலாம் பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. மேலும் நீங்கள் கையிலிருந்து செலவழித்த மருந்துச் செலவையும் பில் வைத்துத் திரும்பக் கேட்கலாம். சாவு நேர்ந்தால் நிலைமை இன்னும் கறார். பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். துக்க வீட்டில் வந்து விதவையின் கையில் கொடுத்த பணம், மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது.

இனித் தொகை. நிரந்தர முழு ஊனம் என்றால், மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 45 வயதுக்கு அந்தக் காரணி 169.44. மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் 13,000 ரூபாய் சம்பளம். 60 சதவீதம் 7,800. பெருக்கினால் 13,21,632 ரூபாய். சம்பளக் கணக்குக்கு இப்போதைய உச்சவரம்பு 15,000. அது 2020 ஜனவரி 3 முதல். மாமாவின் கூலி அதற்குள்தான் இருக்கிறது. பகுதி ஊனம் என்றால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதோ அந்த அளவு. 40 சதவீதம் என்று முடிவானால் 5,28,653 ரூபாய். படுக்கையில் கிடந்த மாதங்களுக்கு, சம்பளத்தில் கால் பங்கு வீதம் அரைமாதத்துக்கு ஒரு முறை கொடுத்திருக்க வேண்டும். அதையும் தனியாகக் கேளுங்கள். கொடுத்த 40,000-ஐ இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சதவீதம் என்பதில்தான் உண்மையான சண்டை நடக்கும். உடல் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஊனச் சான்றில் 40 சதவீதம் என்று இருந்தால், இழப்பீடும் 40 சதவீதம்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. 1975-இலேயே உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள், ஒரு சினிமா தியேட்டர் வேலையில் விழுந்து இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்று முடித்துவிட்டார்கள். 2008-இல், முழங்கால் வரை காலை இழந்த டாங்கர் லாரி டிரைவருக்கும் 100 சதவீதம். 2023 ஜூலையில், சுமை ஏற்றி இறக்கும் பெண் தொழிலாளி ஒருவர் வழக்கு வந்தது. இடது கை பயனற்றுப் போனது. ஆணையர் 100 சதவீதம் என்றார், உயர் நீதிமன்றம் குறைத்தது, உச்ச நீதிமன்றம் மறுபடி 100 ஆக்கியது. இரண்டு கையும் தேவைப்படுகிற வேலையில் இருப்பவருக்கு ஒரு கை போனால் மிச்சம் என்ன இருக்கிறது என்ற எளிய கேள்விதான் அதன் அடிப்படை. சேலம் லீ பஜாரில் மூட்டை தூக்குகிற யாரைக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். மூன்று படி ஏறிப் போய்த்தான் அந்த அம்மாவுக்கு அது கிடைத்தது.

உங்கள் மாமா ஏணியில் ஏறிப் பிழைத்தவர். மலைச் சரிவில் நடக்கவே கம்பு தேவைப்படுகிறவரால் மிளகு பறிக்கவோ, கவாத்து செய்யவோ, காபி மூட்டை சுமக்கவோ முடியாது. வேறு படிப்போ தொழிலோ இல்லை. மனுவில் 100 சதவீதம் என்றே கேளுங்கள். அதற்காக டாக்டரின் சாட்சியம் வேண்டும். சட்டத்தின் காய அட்டவணையில் பெயர் சொல்லி வராத காயங்களுக்குத் தகுதி பெற்ற மருத்துவர்தான் இழப்பின் அளவை மதிப்பிட வேண்டும். டாக்டரிடம் போகும்போது 'கால் எவ்வளவு மடங்குகிறது' என்பதோடு நின்றுவிடாமல், அவர் என்ன வேலை செய்தார், அதில் எதை இனிமேல் செய்ய முடியாது என்பதையும் எழுதித் தரக் கேட்க வேண்டும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சான்றாக இருந்தால் எதிர்த்தரப்பு அதைக் குறுக்கு விசாரணையில் அசைப்பது கஷ்டம்.

ஆணையர் உண்மை நிலவரத்தை மதிப்பிட்டு ஒரு சதவீதத்தைச் சொல்லிவிட்டால், உயர் நீதிமன்றம் அதைச் சும்மா மாற்ற முடியாது. முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தால்தான் 30-ஆம் பிரிவில் மேல்முறையீடு. உண்மைகளைப் பொறுத்தவரை ஆணையர் சொல்வதே முடிவு என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. முதலாளி மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முழுத்தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டியாக வேண்டும். ஆகவே உங்கள் முழுப் பலத்தையும் சேலத்தில், ஆணையர் முன்பு நடக்கும் விசாரணையில் காட்டுங்கள். அங்கே கோட்டைவிட்டதைச் சென்னையில் பிடிக்க முடியாது.

வட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிப் பணம் போய்விடும். இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுக்க வேண்டிய கடன். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. இந்த வட்டி எந்தத் தேதியிலிருந்து என்பதில் ஆணையர்களும் உயர் நீதிமன்றங்களும் பலமுறை தடுமாறி, 'உத்தரவு தேதியிலிருந்து' என்று எழுதியிருக்கிறார்கள். 2018-இலும், 2022 ஜனவரியிலும், அதே ஆண்டு மார்ச்சில் மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் திருத்தியது: விபத்துத் தேதியிலிருந்துதான். மனுவின் வேண்டுதலில் 'விபத்துத் தேதி முதல்' என்ற மூன்று சொற்களை மறக்காமல் எழுதுங்கள். 5,28,653 ரூபாய்க்கு ஒரு வருஷ வட்டி 63,000-க்கு மேல் வருகிறது. நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் உண்டு. அது முதலாளி பையிலிருந்து வர வேண்டியது, இன்சூரன்ஸ் கம்பெனி அதற்குப் பொறுப்பல்ல என்று 1997-இல் முடிவாகிவிட்டது. வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டுமா என்பது பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே எஸ்டேட்டுக்குப் பாலிசி இருந்தால் அதன் நகலை மனு போட்ட கையோடு கேட்டு வாங்குங்கள்.

ஆதாரம் என்று கடைசிக்கு ஒதுக்கியது இதோ. எஸ்டேட் செக் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) மாமாவின் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் இப்போதெல்லாம் சம்பளம் ஜிபேயில் வருகிறதே. மேஸ்திரி சனிக்கிழமை சனிக்கிழமை அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் வரிசையாக நிற்கும். அந்தப் பாஸ்புக் பக்கங்கள், செக் ரோலைவிட நம்பகமான சாட்சி என்பேன். ஏனென்றால் அதை யாரும் கிழித்துப் போட முடியாது. காயம்பட்டவரை யார் வண்டியில் கீழே கொண்டுவந்தார்கள், ஆஸ்பத்திரியில் முன்பணம் யார் கட்டினார்கள் என்று பாருங்கள். எஸ்டேட் ரைட்டர் (கணக்கர்) பெயரில் ரசீது இருந்தால், சம்பந்தமே இல்லாத ஆளுக்கு ஏன் கட்டினீர்கள் என்று கேட்கலாம். அந்த 40,000 ரூபாய்க் கையெழுத்துத் தாளும் உங்களுக்குத்தான் சாட்சி. 'வர வேண்டியது முழுக்க வந்துவிட்டது' என்று எழுதி வாங்கியதே, கொடுக்க வேண்டியது இருந்தது என்று அவர்களே ஒத்துக்கொண்டதுதான். அதை எடுத்துக் காட்டினால் எங்கள் ஆளே இல்லை என்ற பேச்சு நிற்காது. மறைத்தால் பணம் கொடுத்ததையும் காட்ட முடியாது. கூட ஏணி பிடித்தவர்கள், அதே பாத்தியில் காபி பறித்த பெண்கள், இவர்களில் இருவராவது சாட்சி சொல்ல வர வேண்டும். அவர்கள் இன்னும் அதே எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் தயங்குவார்கள், அது இயற்கை. வேலையை விட்டுவிட்டவர்களாகத் தேடுங்கள்.

கூலி 500 ரூபாய் என்பதற்கும் இதே ஆதாரம்தான். எதிர்த்தரப்பு 300 என்று சொல்லும், மாதத்தில் பத்து நாள்தான் வந்தார் என்றும் சொல்லும். வங்கிக் கணக்கு பதில் சொல்லட்டும்.

சேலம் நகரத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கொலுசுப் பட்டறை, மில், கடை என்று இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருகிற இடத்தில், 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவர் என்றால், இந்த வழி உங்களுக்கு மூடியிருக்கிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு, இரண்டு இடத்திலும் கேட்க விடவில்லை. உங்கள் பணம் இ.எஸ்.ஐ.யிடமிருந்து மாதாமாதம் வரும். காபித் தோட்டக் கூலிகளுக்கு இ.எஸ்.ஐ. வழக்கமாகக் கிடையாது என்பதால் மாமாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, கேட்டவர் கேட்காவிட்டாலும் எஸ்டேட் லயன் வீடுகளில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முதலாளி கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளிக்கோ குடும்பத்தாருக்கோ காயமோ சாவோ ஏற்பட்டால் அதற்கும் இழப்பீடு உண்டு. குடியிருந்தவர் மட்டுமே காரணமாக இருந்தாலோ, இயற்கைப் பேரிடராக இருந்தாலோதான் விலக்கு. பழைய தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த விதி புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. மழைக்காலத்தில் ஓடு சரிந்து விழுந்தால் 'பேரிடர்' என்று சொல்லிவிடுவார்கள். பத்து வருஷமாகச் செப்பனிடாத சுவர் என்று காட்ட முன்கூட்டியே எடுத்த போட்டோ இருந்தால் நல்லது.

மனு போடுவதற்கான காலக்கெடு, பழைய சட்டப்படி, விபத்து நடந்து இரண்டு வருஷம். மாமாவுக்கு 2027 பிப்ரவரி. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் மன்னிக்கலாம்தான், ஆனால் அந்த வாய்ப்பை நம்பி உட்கார வேண்டாம். எஸ்டேட் உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் கவலையில்லை. விபத்து நடந்த இடத்துக்கோ, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கோ உரிய அதிகாரியிடம் போடலாம், இரண்டும் உங்களுக்குச் சேலம்தான். சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டாம், அங்கே இதை விசாரிக்க அதிகாரமே இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகும்போது விபத்துப் பதிவேட்டு நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், பாஸ்புக், கையெழுத்துத் தாளின் நகல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கையெழுத்துத் தாளின் நகல் கையில் இல்லாவிட்டால், அதைத் தாக்கல் செய்ய எஸ்டேட்டுக்கு உத்தரவிடக் கேட்டு மனுவோடு சேர்த்தே ஒரு இடைமனு போடச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் மனுவைத் தனியாகப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் இழுத்துக்கொண்டே போகும்.